மார்கழி முடியாத வீடு

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், ஓய்வுபெற்ற ஹவில்தார் கண்ணுச்சாமியின் வீட்டில், 2017 ஜனவரியில் முடிந்திருக்க வேண்டிய மார்கழி மாதம் எட்டு வருடம் முடியவில்லை. தெருவில் தை பிறந்தது, மாசி வந்தது, பங்குனி வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. வீட்டுக்குள் மட்டும் மார்கழி இருபத்தொன்பதாம் தேதியின் விடியற்காலைக் குளிர் அப்படியே நின்றது. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்தால் அடியில் இன்னொரு மார்கழி இருபத்தொன்பது இருந்தது. போகியன்று முன்னறைக் கோலத்தில் சாண உருண்டை பிடித்துச் செருகிய பூசணிப்பூ வாடவே இல்லை. முதல் மாதம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டாவது மாதம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இட்லி மாவு புளித்துப் போகாமலிருக்கத் தூக்குவாளிகளைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கியது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மாள் வாளியை வைத்துவிட்டு, "அப்பா, சலி! சலி!" என்று தன் பாஷையில் குளிரைச் சொல்லி, தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுவாள். வெளியே அப்போது நூற்றியிரண்டு டிகிரி.

காரணம் வெள்ளைத்தாயின் இருதயம். கண்ணுச்சாமியின் மனைவி. வயது நாற்பத்து நான்கு. 2016 ஐப்பசியில் மதுரையில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணுச்சாமியிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "வெக்கை ஆகாது. வீட்டைக் குளுமையா வச்சுக்கோங்க." இரண்டு, "பொங்கல் பார்ப்பாங்க. ஆனா தை தாண்டாது." கண்ணுச்சாமி இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். இரண்டு உத்தரவு ஒன்றாக வந்தால், தன்னால் முடிந்ததை முதலில் செய்வது அவர் பழக்கம். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கதவு மெல்லியது. வெளியே பெஞ்சில் இருந்த வெள்ளைத்தாய்க்கும் பக்கத்தில் இருந்த மகள் சிவரஞ்சனிக்கும் இரண்டுமே கேட்டன. திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீடு கான்கிரீட் மொட்டைமாடி வீடு. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் ஆனதும் அதைக் கீழே இருப்பவர்கள் தலையில் கக்கும் ரகம். ஏசி வாங்கலாம் என்றால் அந்தத் தெருவில் ஆறு மணிக்கு மேல் மின்சாரம் மூச்சு வாங்கும். மேலும், ஏசி என்பது நம் வீட்டுச் சூட்டை அள்ளி எதிர்வீட்டு ஜன்னலில் வீசுகிற வேலை என்று கண்ணுச்சாமிக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால் அவர் போடும் சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். எனவே நோட்டுப் போட்டு வேலையைத் தொடங்கினார். குண்டு பல்பு, டியூப்லைட் எல்லாம் போய் எல்.இ.டி. வந்தது. பழைய மின்விசிறிகள் இறங்கி, குறைவாக மின்சாரம் தின்னும் புது விசிறிகள் ஏறின. மேற்குச் சுவரை மறைத்துக் கொடி படர்ந்தது. ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி. குளித்த தண்ணீர் வாழைக்கு, மழைத்தண்ணீர் தொட்டிக்கு. கூரைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான், வத்திராயிருப்பிலிருந்து கொத்தனார் விஜயபாண்டி வந்து சேர்ந்தார்.

விஜயபாண்டி சொன்னது பழைய வைத்தியம். மொட்டைமாடி முழுக்க மண்பானைகளை வாய் கீழாகக் கவிழ்த்து அடுக்க வேண்டும். இடுக்கில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு இறுக்கி, மேலே வெள்ளைத் தட்டோடு பதிக்க வேண்டும். பானைக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது. மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பது பானை. மகாராஜபுரம் பக்கத்துச் சூளைகளில் கார்த்திகையில் சொல்லிவைத்து, சுட்டு ஆறி வந்து சேரும்போது மார்கழி பிறந்துவிட்டது. கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, மார்கழியில வீட்டு வேல தொடங்கப்படாது. ஊரு என்ன சொல்லும்?"

"தொடங்குனது கார்த்திகையிலலே. மார்கழியில முடிக்கத்தான போறோம்."

"முடிக்கலாம்தான்..."

"பொறவு என்ன? இன்னொண்ணு கேட்டுக்க. மத்தியானம் கவுத்துனா பானைக்குள்ள மத்தியான வெக்கைல்லா அடைபடும்? நான் பாலைவனத்துல கூடாரம் போட்டவன். விடியக்காலம் நாலரைக்குக் கவுத்து. அந்தக் குளுமைதான் உள்ள கெடக்கணும்."

இதுவரை ஊரில் யாரும் செய்யாத தவறு அது. மார்கழியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மார்கழியை அடைத்து மூடக் கூடாது என்று யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. தலையில் குல்லாவும் கையில் டார்ச்சுமாகக் கண்ணுச்சாமி நிற்க, விஜயபாண்டி தினமும் விடியலுக்கு முன் ஐம்பது அறுபது பானைகளைக் கவிழ்த்தார். கடைசிப் பானை போகி அன்று, மார்கழி இருபத்தொன்பதில், கோயில் ஒலிபெருக்கி கரகரக்கும் நேரத்தில் கவிழ்ந்தது. மறுநாள் தெருவெங்கும் பொங்கல் பொங்கியது. கண்ணுச்சாமி வீட்டு அடுப்பில் மட்டும் பால் பொங்காமல், ஆடை கட்டிக்கொண்டு சும்மா கிடந்தது.

அந்தத் தை தாண்டியது. வெள்ளைத்தாய் சாகவில்லை. குணமாகவும் இல்லை. நோய் இருந்த இடத்தில் இருந்தது. நகம் வளரவில்லை, முடி உதிரவில்லை, இருமல் மருந்துப் புட்டி பாதியிலேயே நின்றது. வீட்டுக்குள் தை வந்தால்தானே தை தாண்ட முடியாமல் போவதற்கு! கண்ணுச்சாமிக்கு இது புரிய மூன்று மாதம் ஆயிற்று. புரிந்ததும் அவர் செய்தது ஒரே காரியம். வெள்ளைத்தாய் வாசற்படி தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதுவரை படுக்கையோடு கிடந்ததால் தாண்டாதவள், அதன்பிறகும் தாண்டவில்லை. கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தபடி, அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு வாசனையைப் பிடிப்பதுபோல முகத்தை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

மின்வாரியத்துக்குச் சந்தேகம் வந்தது. விசிறி ஓடவில்லை, குளிர்சாதனப் பெட்டிக்கு வேலையில்லை. ஆக, இரண்டு மாதத்துக்குப் பதினோரு யூனிட்டுக்கு மேல் மீட்டர் நகரவில்லை. திருட்டு இணைப்பு இருக்குமென்று நான்கு பேர் ஜீப்பில் வந்து வயர் வயராகப் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வந்தவர்களில் இரண்டு பேருக்குச் சளி பிடித்தது. அதன்பின் கணக்கெடுக்க வரும் யுவராணி மட்டும் கைப்பையில் ஒரு சால்வையோடு வந்து, பின்கட்டுச் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்து, பதினொன்று என்று அட்டையில் எழுதிவிட்டுப் போவாள்.

பிரச்சினை சிவரஞ்சனிக்குத்தான். அவள் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் ஒரு மில்லில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்வந்தாள். பகலெல்லாம் வெளியே இருந்ததால் அவளுக்கு வருடங்கள் ஒழுங்காக வந்தன. இருபத்து நான்கு முப்பது ஆனது, முப்பத்திரண்டு ஆனது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அவள் வீட்டில் தை பிறந்தால் அம்மா போய்விடுவாள். பெண் பார்க்க சிவகாசியிலிருந்து ஒரு வண்டி வந்தது. நடைக்குள் கால் வைத்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமா காலண்டரைப் பார்த்தார், பூசணிப்பூவைப் பார்த்தார், வாயிலிருந்து வந்த ஆவியைப் பார்த்தார். "மார்கழியில எவனாவது சம்பந்தம் பேசுவானா?" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். அப்போது தேதி வைகாசி பத்து. அதன்பின் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து திரும்பின. மண்டபத்தில் வைத்துப் பேசலாம் என்று கண்ணுச்சாமி கேட்டுப் பார்த்தார். பெண்வீட்டுப் படியேறாமல் என்ன சம்பந்தம் என்று பதில் வந்தது.

ஆறாவது வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கௌதம்ராஜ் வந்தான். சோலார் தகடு மாட்டித் தருகிற தொழில். மாடியேறிப் பார்த்துவிட்டு இறங்கி, "சார், இந்த வீட்டுக்கு சோலார் வித்தா எனக்குப் பாவம் பிடிக்கும்" என்றான். வாங்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே இன்னும் மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை கண்ணுச்சாமி வீட்டில் இல்லை, சிவரஞ்சனி இருந்தாள். அவனுக்கு மார்கழி ஒரு பொருட்டில்லை. அவனுடைய அம்மா மாரியாத்தாளுக்குப் பொருட்டு. "பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா மார்கழி நடக்கிற வீட்டுல தட்டு மாத்த நான் வரமாட்டேன். பொறந்ததுலயிருந்து ஆண்டாள் ஊருல இருக்கவ நான், எனக்கா மார்கழி தெரியாது?" என்று முடித்துவிட்டாள். கௌதம்ராஜும் வேறு பெண் பார்க்க மாட்டேன் என்று முடித்துவிட்டான். இப்படியே இரண்டு வருடம்.

2024 கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைத்தாய் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"ஏட்டி, ஒனக்கு நரைச்சிருக்கு."

"இருக்கட்டும்மா. ஒண்ணுதான?"

"எனக்கு ஒண்ணுகூட இல்ல." வெள்ளைத்தாய் கண்ணாடியை எடுத்து இரண்டு முகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். போன வாரம் வாளி வைக்க வந்த புதுக்குடித்தனக்காரி, அக்காவும் தங்கச்சியுமா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "இன்னும் பதிமூணு வருசம் போனா நீ எனக்கு மூத்தவளாயிருவ. நாம்பெத்த பிள்ளைய நான் அக்கான்னு கூப்பிடணும்."

"எனக்குக் கல்யாணமே வேண்டாம். நீ இரு, அது போதும்."

"நான் என்ன ஊறுகாயாடி? சாடியில போட்டு வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கதுக்கு?"

மறுவாரமே அவள் விஜயபாண்டிக்குப் போன் செய்தாள். கண்ணுச்சாமி பென்ஷன் வேலையாக விருதுநகர் போகும் நாளாகப் பார்த்து அவரை வரச் சொன்னாள். "தம்பி, முன்னறைக்கு மேல உள்ள பானையை மட்டும் ஒடச்சு எடுத்திருங்க. பின்கட்டு அப்படியே கெடக்கட்டும். நான் பின்கட்டுலயேதான் இருப்பேன்." விஜயபாண்டி தயங்கினார். சிவரஞ்சனி மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து மறித்துக்கொண்டு ஏறவிட மாட்டேன் என்று அழுதாள். "மாரியாத்தா உக்காந்து பேச ஒரு ரூம் வேணும்டி, அம்புட்டுதான். நான் எங்கேயும் போகல" என்றாள் வெள்ளைத்தாய். சிவரஞ்சனி கையை எடுத்தாள். எடுத்ததை நினைத்து அவள் பிற்காலத்தில் எத்தனையோ முறை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

இருநூற்றுப் பன்னிரண்டு பானைகள் உடைந்தன. ஒவ்வொன்றும் உடையும்போது, யாரோ தூக்கத்தில் விடும் பெருமூச்சுப்போல ஒரு சத்தம் வந்தது. கடைசிப் பானை உடைந்த கால் மணி நேரத்தில் முன்னறைக்குள் கார்த்திகை மாதத்துப் பகல் நுழைந்தது. கோலத்து நடுவில் எட்டு வருடமாகப் பளிச்சென்றிருந்த பூசணிப்பூ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி, கறுத்து, பொடியாக உதிர்ந்தது. சாண உருண்டை மட்டும் மிச்சம். சாயங்காலம் திரும்பிய கண்ணுச்சாமி அந்தப் பொடியைத்தான் முதலில் பார்த்தார். கத்தவில்லை. பின்கட்டு நிலைக்கு அந்தப்பக்கம், போர்வைக்குள் ஆவி விட்டபடி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து, "இந்த நெலையத் தாண்ட மாட்டேன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டார். "மாட்டேங்க" என்றாள் அவள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அவள் அவரிடம் சொன்ன ஒரே பொய் அது.

2025 தை மூன்றாம் தேதி காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாரியாத்தாள் வந்து இறங்கினாள். சொந்தக்காரர்கள் பதினொரு பேர், ஐந்து கிலோ பால்கோவா. முன்னறையில் வெயில் சரியாக விழுந்திருக்கிறதா, காலண்டரில் தை மூன்றுதானா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கண்ணுச்சாமி பின்கட்டு நிலையை மறைத்தபடி எல்லைக் காவல்போல நின்றிருந்தார். பேச்செல்லாம் சுமுகமாக முடிந்தது. நாள் தை இருபத்தெட்டு என்று குறித்தார்கள். மாரியாத்தாள் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினாள். கண்ணுச்சாமி கையை நீட்டினார். தட்டு நகரவில்லை.

"பெத்தவ கை இருக்கையில ஆம்பள கை எதுக்கு? அவியளக் கூப்பிடுங்க."

"அவளுக்கு ஒடம்புக்கு முடியல. வெக்கை ஆகாது."

"ஒரு நிமிசம் வந்து வாங்கிட்டுப் போகட்டும். தாயார் கை படாத தட்ட எடுத்துக்கிட்டு நான் எப்படிங்க ஊருக்குப் போறது?"

மாரியாத்தாள் கெட்டவள் இல்லை. அந்த நிலையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான்கு பேரில் கண்ணுச்சாமி இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டார், சிவரஞ்சனி தலையைக் குனிந்தாள், மாடிப்படியில் நின்ற விஜயபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். நான்காவது ஆள் போர்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கண்ணுச்சாமியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். உள்ளே பட்டுச்சேலை கட்டியிருந்தாள். காலையிலேயே கட்டியிருக்க வேண்டும்.

"நகருங்க" என்றாள் மெதுவாக.

அவர் நகரவில்லை.

"எட்டு வருசம் காவல் காத்துட்டீங்க. போதும். நகருங்க."

கண்ணுச்சாமி நகர்ந்தார். வெள்ளைத்தாய் மார்கழியிலிருந்து தைக்கு ஒரு எட்டில் வந்தாள். வாயிலிருந்து வந்துகொண்டிருந்த ஆவி நின்றது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேலுதட்டில் ஏதோ ஊர்ந்தது. விரலால் தொட்டுப் பார்த்து, "எனக்கு வேர்க்குது" என்று மாரியாத்தாளிடம் பெருமையாகக் காட்டினாள். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லி, விசிறியைப் போடச் சொன்னாள்.

அன்று இரவே அவளைப் பின்கட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பயனில்லை. சுற்றிலும் மார்கழி இருந்தது, அவள் மேல் மட்டும் தை இருந்தது. மற்றவர்கள் வாயில் ஆவி வர, அவள் வேர்வையைத் துடைத்தாள். டாக்டர் கொடுத்த கணக்குப்படி தை முழுக்க அவளுடையது, மிச்சம் இருபத்தேழு நாள். அவள் அதில் ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. தினமும் மத்தியானம் வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்தாள். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தேர் நிற்கும் இடத்தைச் சுற்றி வந்து, சுடச்சுடப் பால்கோவாவை இலையில் வாங்கித் தின்றாள். அந்த ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் இருக்கும் பெருமாளுக்குப் படியேற முடியாமல், அடிவாரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கும்பிட்டாள். எட்டு வருடத்து நகம் நான்கு நாளில் வளர்ந்தது, வெட்ட வெட்ட வந்தது. தலை ஒரு வாரத்தில் பாதி நரைத்தது. கண்ணாடியில் பார்த்து, "இப்பம்தான் ஒனக்கு அம்மா மாதிரி இருக்கேன்" என்று மகளிடம் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

அந்த இருபத்தேழு நாளும் கண்ணுச்சாமி எந்தச் சுவிட்சையும் அணைக்கவில்லை. ஆளிருக்கும் அறை, இல்லாத அறை, மாடிப்படி, குளியலறை எங்கும் பல்பு எரிந்தது. பரணில் கிடந்த பழைய விசிறிகளையும் இறக்கி மாட்டினார். கிரைண்டர் ஓடியது, வாசலில் சீரியல் விளக்கு ஓடியது, யாரும் பார்க்காத டிவி ஓடியது. தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மீட்டர் எட்டு வருடத்தில் காணாத வேகத்தில் ஓடியது.

தை இருபத்தெட்டில் கல்யாணம் நடந்தது. வெள்ளைத்தாய் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் குலவை போட்டாள். பாதியில் மூச்சு நின்று, மறுபடி தொடர்ந்தது. தை முப்பதாம் தேதி மத்தியானம், முன்னறையில், விசிறிக்கு அடியில், வேர்த்திருந்த கழுத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் கண்ணுச்சாமி எழுந்துபோய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார்.

முன்னறைக்குத் திரும்பப் பானை அடுக்கலாமா என்று விஜயபாண்டி வந்து கேட்டார். மாசி வெயில் முன்னறையில் விழுந்துகொண்டிருந்தது. "வேண்டாம்லே. ஒரு ரூமு வெளி மாசத்துல இருக்கட்டும், ஒண்ணு மார்கழியிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணுச்சாமி கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே இன்றைக்கும் மார்கழி இருபத்தொன்பதுதான். பக்கத்தில் மடித்து வைத்த போர்வை அப்படியே இருக்கிறது. போர்வைக்கு மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், மூச்சுக்கு ஒரு தடவை ஆவி வருகிறது. எட்டு வருடம் அடைத்து வைத்த அறையில் அவள் விட்டதெல்லாம் எங்கே போய்விடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், பிறகு பேச்சை விட்டுவிட்டார்கள். சிவரஞ்சனி மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, கொஞ்ச நேரம் அந்த ஆவியில் கையைக் காட்டி உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாள். குளிர் காயும் அளவுக்குச் சூடு இருக்கிறதாம்.

சித்திரையில் யுவராணி சால்வையைப் போர்த்திக்கொண்டு கணக்கெடுக்க வந்தாள். போனமுறை அட்டையில் இருநூற்று நான்கு என்று எழுதியிருந்தாள். இந்தமுறை மறுபடியும் பதினொன்று. மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள், குல்லா போட்டு உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமியின் வாயிலிருந்து ஒரு ஆவியும், பக்கத்திலிருந்து இன்னொரு ஆவியும் மாறி மாறி வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு பேரு இருக்க வீட்டுக்குப் பதினொன்னு கம்மிதான் பெரியப்பா."

"அவளுக்கு லைட்டு வேண்டாம்கிறா" என்றார் கண்ணுச்சாமி.

யுவராணி தலையாட்டிவிட்டு, அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.